செவ்வாய்க்கிழமை பீட்ரூட்

என் இரைப்பை ஒரு சோம்பேறி. போட்டதைப் போட்டபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதை நானாகச் சொல்லவில்லை, டாக்டர் சந்திரலேகா சொன்னார். எனக்குப் பதினான்கு வயதிலிருந்து சர்க்கரை. அது இரைப்பையை ஆட்டுகிற நரம்பைக் கெடுத்துவிட்டதாம். படத்தில் தெரிகிற மருந்தைக் கலந்து இட்லி தின்னக் கொடுத்து, நாலு மணி நேரம் படம் பிடித்தார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாதாம். எனக்குப் பாதி அப்படியே கிடந்தது.

"முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன், மணிகண்டபிரபு. கட்டுப்பாட்டுல வச்சிக்கலாம்," என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. கஞ்சி, குழைந்த சோறு. கீரை, பீன்ஸ், பீட்ரூட், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. சாப்பிட்டதும் படுக்காமல் நடக்க வேண்டும். சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஆறு வேளைச் சாப்பாட்டை யாரிடம் போய்க் கேட்பது? அதுவும் நான் டிரெய்னி. சேரும்போது மெடிக்கலில் ரூம்மேட் சக்திகுமாரின் சிறுநீரைக் கொடுத்துத் தப்பித்தவன். இன்சுலினை ரூமில் மண்பானைக்குள் ஒளித்து வைத்திருப்பவன். இரண்டு வருஷம் முடிந்து, பெர்மனன்ட் லிஸ்ட் வெள்ளிக்கிழமை வரவிருந்தது. நோய் என்று தெரிந்தால் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கேன்டீனில் சமைக்கும் செங்கமலம் அக்காவிடம் மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரி. "அவ்ளோதான, வுடு," என்றாள். தினமும் எனக்கென்று ஒரு கிண்ணம் சோற்றைக் குழைய வேகவைத்து, ரசம் ஊற்றி மசித்து, கவுண்டருக்குக் கீழே மறைத்து வைத்துத் தருவாள். டீ பிரேக்கில் ஒரு டம்ளர் கஞ்சி. மூன்று மாதம் நான் வாந்தி எடுக்கவில்லை. அதற்குப் பாதி காரணம் மாத்திரை, பாதி அக்கா.

செவ்வாய்க்கிழமை மதியம் எச்.ஆர். அதிகாரி சீனிவாசன் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, பேஷன்ட் சாப்பாடு? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சார். சும்மா ரசஞ்சோறு தோணுச்சு."

எழுந்துபோய் முழுச் சாப்பாடு வாங்கினேன். பீட்ரூட் பொரியலை இரண்டு தடவை கேட்டுப் போட்டுக்கொண்டு, அவர் கண் முன்னால் வழித்துத் தின்றேன். பரிமாறிய அக்கா முறைத்தாள்.

புதன்கிழமை மதியம், இரண்டு வாய் வைப்பதற்குள், கேன்டீன் நடுவில் எல்லாம் வெளியே வந்தது. சிவப்பாக. ரத்தம் என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். சக்திகுமார்தான் குனிந்து பார்த்தான்.

"ரத்தம் இல்லடே. பீட்ரூட்டுல்லா."

நறுக்கியது நறுக்கியபடி, சதுரம் சதுரமாகக் கிடந்தது. போர்டில் புதன்கிழமைக்கு முட்டைக்கோஸ் என்று எழுதியிருந்தது. நேற்று மிஞ்சியதை இன்றைக்குக் கலந்துவிட்டார்கள் என்று ஒருவன் கத்த, இருநூறு பேர் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். போன மாதம்தான் ஊசிப்போன சாம்பாருக்கு ஒரு தகராறு நடந்திருந்தது. இந்தத் தடவை கம்பெனிக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும்.

சீனிவாசன் ரூமில் அக்கா அழவில்லை.

"நேத்து பாத்திரத்த நானே கழுவி கவுத்தேன் சார். அது இந்தத் தம்பி நேத்து துன்னது. அதுக்கு வயித்துல ஏதோ கோளாறு கீது, துன்னது எறங்கறதில்ல. அதான் டெய்லி கொழைய வச்சித் தரேன். அதையே கேளுங்க."

"நேத்து தின்னது இன்னைக்கு அப்படியே வருமா?" சீனிவாசன் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது நோய் இருக்கா?"

மேஜையில் பெர்மனன்ட் லிஸ்ட் கிடந்தது. என் பெயரைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல சார். இன்னைக்கு வச்ச பொரியல்லதான் கெடந்துச்சு."

எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்றைக்கே அக்காவை நிறுத்திவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது அவள் கேட் அருகே நின்று, அடையாள அட்டையைக் கழற்றி செக்யூரிட்டியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன்.

"டேய்," என்றாள். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "துன்ற சோறு உனுக்கு செரிக்காதுடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே டாக்டர் படம் பிடித்துக் காட்டினார்? பாவம், சாபம் விடக்கூட அவளுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. கொடுக்கும்போது சீனிவாசன் என் தோளில் தட்டினார்.

"தைரியமா உண்மையச் சொன்ன. இனிமே கேன்டீன் கமிட்டியில நீதான் மெம்பர். தினமும் மொத தட்டு நீ சாப்பிட்டு, சரின்னு நோட்டுல கையெழுத்துப் போட்டப்புறம்தான் மத்தவங்களுக்குப் பரிமாறணும். உன் மேலதான் எல்லாருக்கும் நம்பிக்கை."

இப்போது தினமும் பன்னிரண்டு மணிக்கு எனக்கு முழுத் தட்டு. கீரை, பீன்ஸ், காராமணி. ஒரு பருக்கை மிஞ்சினாலும் வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வயிறு கல்லாகக் கனக்கிறது. சர்க்கரை ஒருநாள் எகிறுகிறது, ஒருநாள் சரிந்து கண்ணை இருட்டுகிறது. என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் சந்திரலேகா கேட்டார். கஞ்சிதான் என்றேன். மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. புதுச் சமையல்காரர் பீட்ரூட்டைக் குவித்து வைத்தார். சீனிவாசன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழித்துத் தின்றுவிட்டு, நன்றாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்கு முட்டைக்கோஸ். நாளைக்கும் சிவப்பாக வந்தால், பழி போட அக்கா இல்லை; நோட்டில் என் கையெழுத்துதான் இருக்கும்.