கைராசிக்காரரும் பன்றிக்கால்களும்

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை டாக்டர் என்று மட்டும் சொன்னார்கள். ஞாயிறுதோறும் கறிக்கடைக்குப் போய்ப் பன்றிக்கால் பொறுக்கி வர வேண்டியிருக்கும் என்று ஒரு மனுஷரும் வாய் திறக்கவில்லை.

இப்போது கறிக்கடைக்காரருக்கே அவள் பாடம் எடுப்பாள். ஒரு காலுக்கு நான்கு விரல். நடுவில் உள்ள இரண்டும்தான் தரையில் ஊன்றி அத்தனை பாரத்தையும் சுமக்கும். பின்னால் இரண்டு சின்ன விரல்கள், வேலைவெட்டி இல்லாத மச்சினன்கள் மாதிரி, சும்மா தொங்கும். குளம்பு என்பது வெறும் நகம். அதற்குள் எலும்பு. எலும்பின் அடியில் வந்து பிடிக்கிறது ஒரு வெள்ளை நாண். அதை மேலே பிடித்து இழுத்தால் விரல் மடங்கும். மனுஷ விரலும் ஏறக்குறைய இப்படித்தான் என்பார் அவள் கணவர். அதனால்தான் இத்தனை கூத்தும்.

அறுந்த விரல்நாணைத் தைத்துச் சேர்ப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. கைராசிக்காரர் என்றே பெயர். அந்தக் கைராசிக்காரரின் வலது கை போன மழைக்காலத்திலிருந்து நடுங்குகிறது. மாத்திரை, ஓய்வு எல்லாம் ஆயிற்று. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மரியாதை தெரிந்தவர். "உங்க கை உங்களுக்குத்தான் தெரியும். எப்ப முடியும்னு நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட்டார். எனவே சமையல் மேடைமேல் பயிற்சி. அவர் நாணை வெட்டித் தைப்பார், அவள் இழுத்துப் பார்ப்பாள். "கைய முஷ்டியா மடக்குற வேகத்துல இழுக்கணும். அதத் தாங்குனாத்தான் தையல்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

தாங்கியது. வாராவாரம் தாங்கியது. ஏனென்றால் அவள் பூவைத் தொடுகிற மாதிரி இழுத்தாள். பாவி மனசு, என்ன செய்யும்? முதல் தடவை அந்தக் குளம்பு மடங்கியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருந்தால் யாரும் அப்படித்தான் இழுத்திருப்பார்கள். அந்தத் தைரியத்தில், நாளைக்கு ஒரு பெண்ணுக்கு அறுவை செய்வதாக மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இன்று பன்றிக்காலை அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். அந்தப் பெண்ணின் அம்மா. கண்ணாடி கிழித்து மகளுக்கு இரண்டு விரல் மடங்காமல் கிடக்கிறது.

"டாக்டர் செய்றாருன்னு கேட்டப்புறம்தாம்மா எனக்கு உசுரே வந்துச்சு. அவர் கை பட்டாப் போதும். சரியாயிடும்ல?"

அவள் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"முடிஞ்சுது. இழு" என்றார் அவர்.

நாணின் மேல்முனையைத் துணியால் சுற்றிப் பிடித்தாள். தண்ணீர் வாளியைத் தூக்குகிற பலத்தோடு இழுத்தாள். குளம்பு லேசாக அசைந்தது. அடுத்த நொடி நூல் நாணைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது.

"ஏன்டி இப்படி இழுத்த? எப்பவும் போல இழுக்க வேண்டியதுதானே?"

"எப்பவும் ஏமாத்தினேங்க. இத்தனை நாளும் மெதுவாத்தான் இழுத்தேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குளம்பின் பிளவில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தினாலும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என்னால முடியாது சார். நாளைக்குன்னு இல்ல, இனிமேலே முடியாது."

"வேற ஆள் வர ரெண்டு மாசமாகுமே. வெளியூர் போக அவங்களுக்கு வசதியில்ல. அதுக்குள்ள நாண் சுருங்கி மேல ஏறிடாதா?"

"ஏறிடும் சார்."

அவர் தொலைபேசியை வைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

"மடங்காது. நான் செஞ்சாலும் மடங்காது, செய்யாட்டியும் மடங்காது."

எழுந்து போய்க் கை கழுவினார். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று, அறுவைக்கு முன்னால் கழுவுகிற அதே நிதானம். கழுவிவிட்டு இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எதிலும் படாமல் திரும்பி நின்றார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடிக்கப் போனாள்.

அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"தொடாத" என்றார். "தொட்டா மறுபடி முதல்லேருந்து கழுவணும்."