சுவரைப் பற்றிய வரி

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பரீட்சை. மலேரியாக் கொசு மருந்து அடிக்கும் குழுவுக்கு மலைமேலிருந்து ஒரு ஆள் எடுக்கிறார்கள்; எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மலைமேல் அரியூர் நாட்டுச் சென்றாயன் மனைவி ராமாயியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தான். ஐந்தாவது வரை படித்தவன். எட்டு வருடமாக ரோட்டு வேலையில் கல் உடைக்கிறான். சில்லுத் தெறித்து இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் போவதற்குள் இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கொசுவைப் பற்றி ஒரு பாடம். நடுநடுவே பத்துக் கோடுகள். அடியில் ஒரு கட்டத்துக்குள் பன்னிரண்டு சொற்கள். பொருந்துகிற சொல்லை எடுத்து எழுத வேண்டும். எட்டுச் சரியாக இருந்தால் வேலை.

கொசு தேங்கிய நீரில் இடுவது முட்டை. அதிலிருந்து வருவது புழு. இதெல்லாம் பள்ளத்து வயலில் தினம் பார்ப்பதுதான். 'ஒட்டுண்ணி' என்ற சொல்லை அவன் கண்டதே இல்லை, அதற்கான கோட்டைத் தொடவில்லை. இன்னொரு கோடும் அப்படியே நின்றது. ஏழு நிரம்பிவிட்டன. மிச்சம் ஒரே வரி.

'மருந்து அடித்த சுவரை ______ கொசு மறுபடியும் வந்து அமரும்.'

கட்டத்தில் இரண்டு சொற்கள் பொருந்தின: தொட்டால், மெழுகினால். தொட்டால் என்று எழுதப் போனவன் அடுத்த வரியையும் படித்தான். 'சாணத்துக்கு அடியில் போன மருந்து கொசுவைக் கொல்லாது.'

பென்சில் நின்றுவிட்டது.

போன தை மாதம் மருந்து அடிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் போனார்கள். மலையில் யாரும் செருப்புக் காலோடு வீட்டுக்குள் போவதில்லை. உள்ளே சாமி இருக்கிறது. ஏன் விட்டாய் என்று ராமாயியை அடித்தான். வீடு தீட்டாகிவிட்டது, சுவர் தரை எல்லாம் மெழுகு என்றான். சாணியும் செம்மண்ணும் அவனே கொண்டுவந்து போட்டான். மாசியில் மூத்த மகள் பாவாயி குளிர்க் காய்ச்சலில் செத்துப்போனாள். தீட்டுக்குச் சாமி உயிர் கேட்டுவிட்டது என்று கிடா வெட்டினார்கள். இந்த ஒரு வருடமாக, கோபம் வரும்போதெல்லாம், செருப்புக்காரனை உள்ளே விட்டுப் பிள்ளையைக் கொன்றவள் என்றுதான் மனைவியை ஏசினான்.

"ஏப்பா, நேரமாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "தெரியலைன்னா விட்டுடு."

"தெரியுதுங்க."

"தெரிஞ்சா எழுதேன். உன் கையை யாரு புடிச்சுக்கிட்டது?"

மெழுகினால் என்று எழுதினான். இன்ஸ்பெக்டர் திருத்தினார். எட்டு. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட வேண்டும்; முதல் வேலை அரியூர் நாட்டில் வீடு வீடாகப் போய் மெழுகக் கூடாது என்று சொல்வது. நாங்கள் சொன்னால் மலையில் கேட்பதில்லை, உன் வாயால் சொன்னால் கேட்பார்கள் என்று தோளில் தட்டினார்.

வெளியே புளிய மர நிழலில் ராமாயி குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்டாள். தலையை ஆட்டினான். இனிக் கண்ணுக்குப் பயமில்லை என்று சந்தோசப்பட்டாள். அப்படி என்னதான் கேட்டார்கள் என்றாள்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. திங்கட்கிழமை ஊர் முழுக்கச் சொல்லப் போகிறான். தரையைப் பார்த்துக்கொண்டு சுவரைப் பற்றிய வரியைச் சொன்னான்.



"அப்ப பாவாயியக் கொன்னது செருப்பு இல்லீங்களா?"

"இல்ல."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க, முந்தாநாள் நீங்க ரோட்டு வேலையில இருந்தப்ப அடிச்சுட்டுப் போன மருந்தயும் நேத்தே மெழுகிட்டனுங்க. நீங்க மறுபடியும் ஏசுவீங்கன்னு."

இனிமேல் மருந்து அடிக்க ஒரு வருடம் கழித்துத்தான் வருவார்கள். அவன் கையை நீட்டிக் குழந்தையின் நெற்றியைத் தொட்டான். சூடாக இருந்தது. வெயிலில் தூக்கி வந்த சூடாகவும் இருக்கலாம். கல் உடைத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதை வைத்து எதுவும் தெரியவில்லை.