ஒன்பதாவது படத்தில் அழுகிறவள்

எங்கள் மகளிர் விடுதியில் போட்டோ முதலில், நிகழ்ச்சி பிறகு. ஜூன் மாதம் ஒரே நாளில், உடை மாற்றி உடை மாற்றி, அந்த வருடத்து விழாக்கள் பத்தையும் படம் எடுத்து ஆல்பத்தை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு ஒவ்வொரு விழாவுக்கும் குழு வந்து, படத்தில் உள்ளபடியே நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும். நான் விழாச் செயலாளர். பெருமைக்குச் சொல்லவில்லை, என் காலத்தில் ஒரு தலைகூட இடம் மாறியதில்லை. மரம் நடு விழாப் படத்தில் ஒரு நாய் குறுக்கே வந்திருந்தது. செப்டம்பருக்குள் அது கொழுத்துவிட்டதால் ஒரு வாரம் மெஸ் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டோம்.

வில்லங்கம் ஒன்பதாவது படத்தில்தான். விடுதி நாள், மார்ச் மூன்று. எல்லோரும் பலூனோடு சிரிக்கிறோம், நடுவில் செண்பகவல்லி அழுதுகொண்டிருக்கிறாள். படம் எடுத்த அன்று அவள் விடுதிக்கு வந்து இரண்டாம் நாள். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பலூனைச் சரியாகப் பிடி என்று நான் அதட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரியில் அவள் லீவு லெட்டர் எழுதினாள். மார்ச் நான்கு காலை சங்கரன்கோவிலில் அக்காவுக்குக் கல்யாணம். விழா பதினொன்றுக்கு, முடிந்ததும் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால் போதும். வார்டன் அமலோற்பவம் மேடம் லெட்டரைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"லீவு கிடையாது. அன்னிக்கு இவ அழணும், அதுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு ஆறு மாசமா மண்டைய உடைச்சிட்டிருந்தேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

விழா அன்று செண்பகவல்லி அழவில்லை. அழுத்தக்காரி. மெஸ்ஸிலிருந்து இரண்டு கிலோ வெங்காயம் வந்தது. அத்தனையையும் உரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, சமையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அழுதது மேடம்தான். படத்தில் அவர் சிரிப்பதால் அவசரமாகத் துடைத்துவிட்டோம்.

குழுவின் ஜீப் கேட்டில் வந்து நின்றது. அவள் கண் உலர்ந்திருந்தால் விடுதியின் அனுமதி ரத்து.

"மேடம், அழறது மட்டும்தான் படத்துல இருக்கு. எதுக்கு அழறான்னு இல்லையே" என்றேன்.

மேடம் என்னை முறைத்தார். ஜீப்பைப் பார்த்தார். என் கையிலிருந்த லீவு லெட்டரைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பலூனோடு சேர்த்து செண்பகவல்லியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். பலூனைச் சரியாகப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். குழுத் தலைவர் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு கன்னத்தையும் பார்த்து, "சொட்டு சரியா இருக்கு" என்றார். பன்னிரண்டரை பஸ்ஸில் நானே அவளை ஏற்றிவிட்டேன். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் ஆல்பத்தைப் புரட்டிப் பத்தாவது படத்தைப் பார்த்தேன். பிரிவுபசார விழா. ஜூன் வெயில் தாங்காமல் மேடம் மர நிழலில் இருந்த மாணவிகள் வரிசைக்குப் போயிருக்கிறார். கால் வலித்ததால் செண்பகவல்லி வார்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

படத்துக்கு ஏற்றபடி திங்கள்கிழமை மேடம் டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாக எங்கள் அறைக்கு வந்து, ஜன்னலோரக் கட்டில் காலியா என்று கேட்டுப் படுக்கையை விரித்தார். செண்பகவல்லி மருதாணி அழியாத கையோடு ஆபீஸ் ரூமுக்குப் போனாள். அவள் மேஜையில் மேடத்தின் லீவு லெட்டர் இருக்கிறது, மகனுக்கு நிச்சயதார்த்தமாம். பத்தாவது படத்தில் மேடம் கைக்குட்டையால் முகத்தை மூடியிருக்கிறார். வியர்வையா அழுகையா என்று தெரியவில்லை.

செண்பகவல்லி மேடம் பூதக்கண்ணாடி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.