இமையோரக் குடித்தனம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ‘இந்திரலோகம்’ அடுக்ககத்தில் இந்திரன் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சங்கத் தலைவர் சத்யநாராயணன்தான். மத்திய அரசில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், தணிக்கை ஓய்வு பெறவில்லை. மொட்டை மாடிக் கொடியில் யார் வேட்டி யார் எல்லைக்குள் பறக்கிறது, எந்த வீட்டுக் குக்கர் அளவுக்கு மீறி விசிலடிக்கிறது என்பதெல்லாம் அவர் பார்வைக்குத் தப்பாது. பொது இடத்தில் செல்போன் சத்தம் கேட்கக் கூடாது என்று விதி போட்டவரும் அவரே, முதல் ஆளாகத் தன் போனின் வாயைக் கட்டியவரும் அவரே. வருகிற வீடியோ எதுவானாலும் ஊமைப் படமாகத்தான் பார்ப்பார்.

அவர் போட்ட விதிகளுக்கெல்லாம் மகுடம் லிஃப்ட் விதி. ஐந்தாவது மாடியில் அவருக்கு எதிர்வீடு ரோஹிணி. அவளுடைய நாய் லட்டு லிஃப்டில் போய்வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. ‘லிஃப்டில் நாய்கள் ஏறக் கூடாது’ என்று எழுதி ஒட்டினார். மறுநாளே இரண்டாவது மாடிக்காரர்கள் பூனையோடு ஏறினார்கள். பூனையையும் சேர்த்தார். மூன்றாவது மாடி பாட்சா, பல்லாவரம் சந்தையில் வாங்கிய கிளிக்கூண்டோடு வந்து நின்று, “கிளி என்ன சார் பாவம் பண்ணுச்சு?” என்று பல்லைக் காட்டினார். அன்றே புதிய அறிவிப்பு ஏறியது: ‘மனிதரைத் தவிர வேறு எந்த உயிரினமும், எவ்வளவு சிறியதாயினும், எக்காரணம் கொண்டும் லிஃப்டில் பயணம் செய்யக் கூடாது.’ ‘எவ்வளவு சிறியதாயினும்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. இனி ஒருவனும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று அதை லிஃப்ட் வாசலில் நின்று வெகுநேரம் ரசித்தார்.

தற்காலிகமாகப் போட்ட இந்த விதியை ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். லட்டு கிழடாகிப் பின்னங்கால்கள் தளர்ந்துபோன நாய். ரோஹிணி அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். விதி நிரந்தரமானால் வீட்டைக் காலி செய்துகொண்டு வண்டலூர்ப் பக்கம் தரைத்தள வீடு பார்க்க வேண்டியதுதான் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். ‘நல்ல முடிவு. மிருகக்காட்சிசாலை பக்கம்’ என்று சத்யநாராயணன் பதில் போட்டார். கூடவே கூப்பிய கைகள்.

இந்த நேரம் பார்த்து அவருக்குக் கண் இமை அரிக்கத் தொடங்கியது. காலையில் எழுந்தால் இமையோரமெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளை.

“கசக்காதீங்க. மீட்டிங்ல அழுத மாதிரி இருக்கும்,” என்றாள் மனைவி ரமா.

மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் ஜெய்னப்பிடம் போனார். டாக்டர் அவர் இமையிலிருந்து முடி ஒன்றைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து, பக்கத்துத் திரையைக் காட்டினார். முடியின் வேரோரம் புழு மாதிரி ஒன்று நெளிந்தது. சத்யநாராயணன் பதறிப்போய்ப் போனை எடுத்து வீடியோ பிடித்தார். எதையும் ஆதாரத்தோடு பதிவு செய்வது அவருடைய சர்வீஸ் பழக்கம்.

“என்னம்மா அது, கால் இருக்கு!”

“எட்டுக் கால் சார். டெமோடெக்ஸ்னு பேரு. சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். இமைமுடி முளைக்கிற குழிக்குள்ள தலைகீழாக் குடியிருக்கும். ராத்திரி ஆனா வெளிய வந்து முகத்துல ஒரு வாக்கிங் போகும்.”

“என் முகத்துலயா? நான் ரெண்டு வேளை குளிக்கிறவன்மா!”

டாக்டர் ஏதோ பதில் சொன்னார். ஆனால் சத்யநாராயணனின் மனம் அதற்குள் தாம்பரத்தை விட்டுக் கிளம்பி, இந்திரலோகத்து லிஃப்டில் ஏறி, லட்டுவின் முதுகில் போய் இறங்கிவிட்டது. முகத்தில் பூச்சி, எதிர்வீட்டில் நாய். இதற்கு மேல் ஒரு தணிக்கை அதிகாரிக்கு என்ன வேண்டும்? ஒரு கேள்வி கேட்டுவைத்தார், பதிலுக்கு ‘ம்’ கொட்டினார், இமை கழுவும் நுரை மருந்தை வாங்கிக்கொண்டு வெற்றி வீரராக வீடு திரும்பினார்.

அன்று மாலை முழுக்க அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“சத்தம் வெச்சுப் பாருங்களேன்,” என்றாள் ரமா.

“பூச்சிக்கு ஏதுடி சத்தம்?”

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. வீடியோ காட்டுவதற்குப் பாட்சா தன் வீட்டு டிவியையே இறக்கிக் கொடுத்தார், மேட்ச் தொடங்குவதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாட்ச்மேன் குப்புராஜ் போனை டிவியோடு இணைத்தார்.

“சவுண்டு ஃபுல்லா வெச்சிட்டேன் சார். பின்னாடி குந்திகினு கீறவங்களுக்கும் கேக்கணும்ல.”

சத்யநாராயணன் காதில் அது விழவில்லை. மைக்கைப் பிடித்துவிட்டார்.

“குடியிருப்போர் பெருமக்களே! ஒரு நாயை லிஃப்டில் விட்டதற்கு உங்கள் தலைவர் என்ன விலை கொடுத்திருக்கிறார் என்பதைக் கண்ணாரக் காணுங்கள்!”

டிவியில் முருங்கைக்காய் நீளத்துக்கு ஒன்று நெளிந்தது. “ஐயையோ!” என்று முன்வரிசை பின்வாங்கியது. தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதுதான் டிவி பேசத் தொடங்கியது.

“என்னம்மா அது, கால் இருக்கு!” என்று கார் நிறுத்துமிடம் அதிர அவருடைய குரலே அலறியது. எட்டுக் கால், தூரத்துச் சொந்தம், வாக்கிங் எல்லாம் வரிசையாக வந்தன.

“குளிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்.”

“ஏம்மா, நாய்கிட்டேர்ந்துதானே வந்திருக்கும்?”

“இல்ல சார். நாய்க்கு இருக்கிறது வேற வகை, அது நம்ம மேல தங்காது. இது மனுஷன் மேல மட்டும்தான் வாழும். உங்களுக்கு, எனக்கு, வளர்ந்தவங்க அநேகமா எல்லாருக்குமே இருக்கு. குழந்தையில அம்மா முகத்தோட முகம் வெச்சுக் கொஞ்சியிருப்பாங்கள்ல, அப்பவே ஏறியிருக்கலாம். சாதாரணமா ஒண்ணும் பண்ணாது. வயசானா கூடும். உங்களுக்குக் கொஞ்சம் ஹவுஸ்ஃபுல், அதான் அரிப்பு. சார், கேக்கறீங்களா?”

“ம்... ம்... லிஃப்ட்லதான் வந்திருக்கும்.”

“எந்த லிஃப்ட் சார்?”

அவர் பாய்ந்து போனைப் பிடுங்குவதற்குள் சிரிப்பு மேல்தளம் வரை ஏறிவிட்டது. ரமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்சா மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றார்.

“தலைவரே, ஒரு டவுட். ‘எவ்வளவு சிறியதாயினும்’னு அடிக்கோடு போட்டது நீங்கதானே? இப்ப உங்க முகத்துல இருக்கிறவங்க லிஃப்ட்ல வரலாமா?”

“எட்டுக் கால் சார்,” என்றாள் லட்டுவை மடியில் வைத்திருந்த ரோஹிணி. “லட்டுவுக்கு நாலுதான்.”

சத்யநாராயணனுக்குக் காது மடல் சிவந்தது. ஒரு வார்த்தை இறங்கி வந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சர்வீஸில் எழுதிய ஆட்சேபணை ஒன்றைக்கூட வாபஸ் வாங்கியதில்லை.

“விதி விதிதான்! எனக்கும் சேர்த்துத்தான். நான் படியில போய்க்கிறேன்!”

“டாக்டரம்மா எல்லாருக்கும் இருக்குன்றாங்களே சார். அப்ப லிஃப்ட்ல யார்தான் போறது?” என்றார் பாட்சா.

“காலியாத்தான் போவணும்,” என்றார் குப்புராஜ், கவலையோடு.

டீ, பஜ்ஜிக்குப் பிறகு வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டு, மருந்து போடுகிற சாக்கில் தலைவர் வீட்டுக்குக் கிளம்பினார். எல்லோர் கண்ணும் அவர் மேல். கால் லிஃப்ட் பக்கம் திரும்பியது. தலைவர் அதைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். முதல் மாடியில் கொள்கை இருந்தது. இரண்டாவது மாடியில் மூட்டு வலி வந்தது. மூன்றாவது மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்த வழியாகத்தான் அந்தப் பெண் தினமும் நாயைச் சுமந்துகொண்டு ஏறுகிறாள் என்ற நினைப்பு, கேட்காமல் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

அங்கேயே லிஃப்ட் திறந்தது. பாட்சா டிவியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கி, “மேட்ச் ஆரம்பிச்சுட்டான் சார்!” என்று வீட்டுக்குள் ஓடினார். உள்ளே ரோஹிணி. அவள் காலடியில் லட்டு.

“ஏறுங்க சார்,” என்றாள். “கூட வந்தவங்களையும் கூட்டிக்கிட்டு.”

அவர் படியைப் பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏறினார். லட்டு அவர் செருப்பை முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

“‘மனிதரோடு குடித்தனம் செய்யும் உயிரினங்கள் நீங்கலாக’ன்னு ஒரு வரி சேர்க்கலாம்னு எனக்கு முதல்லேர்ந்தே ஒரு எண்ணம் உண்டு,” என்றார் லிஃப்டின் கூரையைப் பார்த்து. “டீ முடிஞ்சதும் நானே முன்மொழியறேன்.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்.”

“ஆனா ஒண்ணு. நாயோடது வேற வகைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. எங்களோடது அம்மா வழியா வந்தது. பரம்பரை.”

லட்டு அவர் வேட்டியில் தும்மியது.

ஐந்தாவது மாடி வந்தது. லட்டு எழுந்திருக்க முயன்று, பின்னங்கால் வழுக்கி, மறுபடி உட்கார்ந்தது. கதவு மூட ஆரம்பித்தது. சத்யநாராயணன் பட்டனில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா எழுந்து வரட்டும்,” என்றார், விறைப்பாக. “ஆனா சத்தம் போடாம வரணும். விதி இன்னும் அமுல்லதான் இருக்கு.”