அடுக்களையில் ஓடிய எஞ்சின்

கொழுந்தனுடைய பந்தயக் காரின் சத்தம் காரை விட்டு இறங்கி லேப்பம்மாவின் அடுக்களையில் குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். கார் என்றதும் ஆள் ஏறி உட்காரும் காரை நினைத்துவிட வேண்டாம். முழங்கை நீளம், கொழுத்த பூனையின் கனம், தூரத்தில் நின்று ரிமோட்டால் ஓட்டுவது. அதற்காகப் பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டு, ஆள் உயரத்துக்குப் புகை கக்கி, தெருக்கோடி வரைக்கும் கத்துகிற அசல் எஞ்சின் அதற்குள் இருந்தது. லேப்பம்மா ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபில் இரவு வேலை பார்ப்பவள், பகலில்தான் தூக்கம். புருஷன் செத்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களின் செருப்புகள் வாசலை விட்டுப் போவதற்குள்ளேயே, புருஷனின் தம்பி கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டை இரண்டாக வகுந்து நடுவில் கொல்லைவரைக்கும் ஒரு சுவர் எழுப்பினான். அந்தச் சுவர் அவள் படுக்கையறையின் ஒரே ஜன்னலையும் விழுங்கியது. அறை இருட்டானது பகல் தூக்கத்துக்கு வசதிதான். ஆனால் அந்தப் புண்ணியத்தை அவன் கணக்கில் எழுத அவளுக்குக் கடைசிவரை மனசு வரவில்லை. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை அவள் துடைப்பத்திடமும் வாளியிடமும் ஜாடையாகச் சொல்வாள், அவனுக்குக் கேட்கிற மாதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் புது எஞ்சினைப் பழக்கிக்கொண்டிருந்தான். புது எஞ்சினை எடுத்த எடுப்பில் பந்தயத்தில் விடக் கூடாது. செங்கல்மேல் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுற்ற, டேங்க் டேங்க்காக எரிபொருளை ஊற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். காலையில் தொடங்கியவன் நிறுத்துகிற வழியாக இல்லை. இரவெல்லாம் விபத்துக் கேசுகளுக்கு ரத்தம் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த லேப்பம்மா மூன்று டேங்க் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாலாவதற்கு எழுந்து, கொல்லையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு வாளித் தண்ணீரை எஞ்சின்மேல் கவிழ்த்தாள். ஆவி அடங்கியதும் பார்த்தால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, புகை வந்துகொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் காணவில்லை. கொழுந்தன் தன் காதைத் தானே இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். காலி வாளியும் வெற்றியுமாக அவள் உள்ளே வந்தபோது, கேஸ் அடுப்புக்கும் டப்பா அடுக்குக்கும் நடுவில், நெஞ்சு உயரத்தில், வெறும் காற்றில் நின்று எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் சிலிண்டர் போட வந்த ஆள் அந்த இடத்தில் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, “சூடுகூட இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சத்தம் வாசற்படியைத் தாண்டவில்லை. கார் ஊருக்கு வெளியே பந்தயத் தடத்தில் ஓடினாலும் சத்தம் இங்கேதான் ஓடியது. அவன் அங்கே நிறுத்தினால் இங்கே நிற்கும். இது தெரிந்ததும் கொழுந்தனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் பகல் முழுக்க எஞ்சினை ஓடவிட்டான். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு, அவன் வம்சத்தையே திட்டினாள். அதில் தன் புருஷனும் சேர்த்தி என்பது அவளுக்கு உறைக்காமல் இல்லை.

அவன் சந்தோஷம் முதல் பந்தயத்தோடு முடிந்தது. இந்த எஞ்சின்களைக் காதால்தான் சரிசெய்ய வேண்டும். எரிபொருள் போகும் வழியில் ஓர் ஊசித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மந்தமாக ஓடும். இறுக்கினால் தாகத்தில் பறக்கும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் இறுகிச் செத்துப்போகும். சரியான இடம் எது என்பதைச் சத்தம்தான் சொல்லும். சத்தம் அண்ணி வீட்டில் இருந்தது. வரிசையாக மூன்று எஞ்சின்களைப் பொசுக்கினான், புதிதாக மாட்டிய ஒவ்வொன்றின் சத்தமும் நேரே அங்கேதான் போனது. கோப்பை வாங்கிக்கொண்டிருந்தவனைத் தடத்தில் எல்லோரும் ஊமை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் மானத்தை விட்டு அண்ணியின் வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, அஞ்சு நிமிஷம் உள்ள வந்து கேட்டுட்டுப் போயிடறேன்.”

அவள் துடைப்பத்தைப் பார்த்துப் பேசினாள். “செவுரு கட்டுறப்ப யாரும் யார்கிட்டயும் வந்து நிக்கல.”

“அது என்னோட சத்தம், அண்ணி.”

“அப்படின்னா கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு. வந்தா கூட்டிட்டுப் போகட்டும்.”

அவன் உண்மையிலேயே கூப்பிட்டுப் பார்த்தான் என்றும், அவள் கதவை முகத்தில் அறைந்தாள் என்றும் எதிர்வீட்டார் சொல்வார்கள். பிறகு சுவரில் ஓட்டை போட்டான். அவள் அதில் ஆஸ்பத்திரிப் பஞ்சைத் திணித்தாள். இன்னோர் எஞ்சினும் செத்துவிடுமோ என்று பயந்துபோனவன் ஊசியைத் தளர்த்தியே வைத்து ஓட்டப் பழகிக்கொண்டான். அப்படி ஓட்டினால் ஜெயிக்க முடியாது, ஆனால் எஞ்சின் சாகாது.

லேப்பம்மாவின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஓர் எஞ்சின் செத்தால் அடுத்தது வரும்வரை சில நாள் நிம்மதியாகத் தூங்குவாள். இந்த எஞ்சினோ வருஷக்கணக்காகத் தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோல ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே ஆறுதல் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். அடுக்களையில் நாற்காலியைப் போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்து அவன் தோற்பதைக் கேட்பாள். நேர்த்தடம் எது, கொண்டை ஊசி வளைவு எது, எங்கே குட்டிக்கரணம் அடித்தான் என்பதெல்லாம் அவளுக்குக் காதாலேயே அத்துப்படி. இந்தச் சுகமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில், ஒருவரின் ரத்தக் குப்பியில் இன்னொருவரின் பெயரை ஒட்டிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரி கவனித்ததால் ஓர் உயிர் பிழைத்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் அவளுக்குச் சோற்றுக்கு வழியில்லை. எஞ்சினைக் கொன்றே தீர்வது என்று அவள் முடிவெடுத்தாள்.

பெரிய பந்தயத்தின் இறுதிச் சுற்று நாளில் ஓரகத்திக்குப் போன் போட்டாள். கொழுந்தன் ரிமோட்டோடு மேடைமேல் நிற்க, எரிபொருள் தீரும்போதெல்லாம் காரைப் பிடித்து ஊற்றி விடுவது அவன் மனைவியான இந்த ஓரகத்தியின் வேலை. ஊசித் திருகும் அவள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது.

“அக்கா? நீங்களா?” ஓரகத்தி நம்பரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“வண்டி ரொம்பக் குடிக்குது. அடுத்த தடவ ஊத்துறப்ப ஊசிய எட்டுல ஒரு பங்கு சுத்து இறுக்கு.”

“அவர ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“அவருக்குக் காது இருக்கா?”

ஓரகத்தி இறுக்கினாள். கொப்பளிப்பு நின்று சத்தம் தெளிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் எட்டில் ஒன்று. அடுக்களையில் எவர்சில்வர் தம்ளர்கள் அதிர்ந்தன. ஊமை ஒவ்வொரு காராக முந்திக்கொண்டிருந்தான். கடைசி நிறுத்தத்திலும் அதே அளவு இறுக்கச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் தாகத்தில் வீரிட்டது. அவ்வளவு அழகான சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை, அப்படி ரசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். கார் முதலாவதாக எல்லைக் கோட்டைத் தாண்டியது. அதன் பிறகுதான் ஒரு கிறீச்சோடு எஞ்சின் இறுகியது. அடுக்களை அமைதியானது. அவளுக்கு வெற்றியைக் கெடுக்க முடியாத கோபம் ஒருபக்கம், தூக்கம் ஒருபக்கம். தூக்கம் முந்திக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் அவன் கோப்பையும் பிரித்துப் போட்ட பிஸ்டனுமாக வாசலில் நின்றான். பிஸ்டன் முழுக்கக் கீறல்.

“வேணும்னேதான் பண்ணீங்க.”

“ஆமா.” சுவர் எழும்பிய பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

“அடுத்த தடவயும் பண்ணுங்க. கோட்டத் தாண்டுன பிறகு சாகட்டும், அவ்வளவுதான்.”

“அது நீ நடந்துக்குற விதத்துல இருக்கு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. பந்தயத்துக்கு ஓர் எஞ்சின் செத்தது. அவன் ராத்திரி பகலாக லென்ஸ் அறுத்து அடுத்த எஞ்சினை வாங்கினான். அது வந்து சேரும்வரை அவள் தூங்கினாள். அதன் பிறகு குப்பியில் பெயர் மாறவே இல்லை. சுவர் அப்படியே இருந்தது, ஜாடைப் பேச்சும் அப்படியே இருந்தது. அவன் ஸ்கூட்டரை அவள் கேட்டை மறித்து நிறுத்திய வாரத்திலும், எண்ணெய்த் தண்ணீரை அவள் பக்கம் ஊற்றிய வாரத்திலும், கடைசி நிறுத்தத்தில் எட்டில் ஒன்றுக்குப் பதிலாகக் கால் சுற்று இறுக்கச் சொன்னாள். எஞ்சின் கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உயிரை விட்டது. ஓரகத்திக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேள்வி கேட்காமல் திருகினாள், சொல்லப்போனால் ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் கூடுதலாகவே திருகினாள். அவன் தோற்றான் என்று கேள்விப்பட்டால் தெருவில், “இந்த வாரம் என்ன பண்ணித் தொலைச்சான்?” என்றுதான் விசாரிப்பார்கள்.

அப்படித் தோற்ற நாட்களில் அவன் செத்த காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருமுனையில் தொடங்கி அண்ணியைக் கெட்ட வார்த்தைகளால் திட்டிக்கொண்டே வருவான். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிவிடுவான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். தன் வீட்டு இரும்புக் கேட்டு கிறீச்சிடாதபடி இரண்டு கையாலும் லேசாகத் தூக்கித் திறந்து, மனைவியையும் பேசாதே என்று கண்ணாலேயே அதட்டி, பூனை மாதிரி உள்ளே போவான். அண்ணி நாசமாகப் போனால் அவனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் அடுத்த பந்தயத்துக்கு அந்தக் காது நன்றாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.