மூன்றாம் பக்கத்தில் ஒரு வர்த்தகர்

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் அங்கிளின் அச்சகத்தில் நின்றபடியே அப்பாவின் நினைவுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் புரூஃபைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெள்ளவத்தையின் பிரபல வர்த்தகர் அமரர் நாகேந்திரம்" என்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்தது அதுவல்ல. "இருபத்தெட்டு வருடம் புடவைக் கடையில் விற்பனையாளராக நின்றவர்" என்றுதான் எழுதியிருந்தேன். அப்பாவின் முப்பத்தோராம் நாளன்று வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கப்போகும் புத்தகம் அது. தேவாரத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே அவருடைய வாழ்க்கைக்கென்று இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதிலும் வேறு யாரோ ஒருவரைக் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள்.

"கனடாவில இருந்து உங்கட பெரியப்பா மெயில் போட்டவர், மகள்" என்றார் கிளறன்ஸ் அங்கிள். "வீட்டில கதைச்சிட்டுத்தான் மாத்துறார் எண்டு நினைச்சன்."

வர்த்தகராம். வெள்ளவத்தைக் காலி வீதியில் இருந்த அந்தக் கடையின் ஒரு பொத்தான்கூட அப்பாவுக்குச் சொந்தமில்லை. விற்பனையாளர்கள் குந்தியிருக்கக் கூடாது என்று முதலாளி ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்ட கடை. காலை ஒன்பதிலிருந்து நின்று நின்று அப்பாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. அந்தக் காலோடுதான் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சீலை எடுக்க வருகிற தாய் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து முகம் வாடினால், "இது பிள்ளையின்ர நிறத்துக்கு எடுக்காது அக்கா, பொறுங்கோ" என்று சொல்லி, விலை குறைந்ததை எடுத்து விரிப்பார். சல்லி போதாததால் அல்ல, நிறம் சரியில்லாததால்தான் மாற்றினோம் என்று அந்தத் தாய் தலை நிமிர்ந்து வெளியே போவாள். இதற்காக முதலாளியிடம் எத்தனை தரம் பேச்சு வாங்கினார் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க ஊராருக்குச் சீலை விரித்தவர், கலியாண வீடு என்றால் எங்கள் ஃபிளாட்டின் நிலத்தில் குந்தியிருந்து அம்மாவின் சீலைக் கொய்யகத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து விடுவார். "எங்கட கடைப் பொம்மையைவிட வடிவு" என்பார். அம்மா வெட்கத்தில் அவர் தலையில் குட்டுவாள்.

இந்த மனிதரில் எதை மறைக்க வேண்டும்? அங்கேயே நின்று பெரியப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"பெரியப்பா, அப்பா சேல்ஸ்மன். ஏன் மாத்தினனீங்கள்?"

"அது எனக்குத் தெரியாதே பிள்ளை? இந்தப் புத்தகம் இஞ்ச கனடாவுக்கும் வரும். நாலு பேர் வாசிப்பினம். நாளைக்கு உனக்கு ஒரு இடம் பேசேக்க, சேல்ஸ்மன்ர பெட்டை எண்டே சொல்லுறது?"

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ."

"உனக்கு விளங்காது. கொம்மாட்டைக் கேள்" என்று வைத்துவிட்டார்.

தம்பி செத்ததற்கு வராத மனிதர், தம்பியின் தொழிலைத் திருத்த மட்டும் வந்துவிட்டார். வாய்க்குள் இருந்ததை எல்லாம் கொட்டிவிடலாம் என்றுதான் அம்மாவுக்கு எடுத்தேன். பெரியப்பா செய்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"கத்தாத பிள்ளை. பெரியத்தான் கேட்டவர், நான்தான் ஓமெண்டனான்."

"அம்மா! உங்களுக்கும் வெக்கமோ?"

"எனக்கு என்ன வெக்கம்? நீதானே முதல்ல வெக்கப்பட்டனி. பள்ளிக்கூட ஃபோர்மில தேப்பன்ர தொழில் எண்ட இடத்தில பிஸ்னஸ் எண்டு எழுதினனி. அவர் கண்ணாடியைப் போட்டு வடிவா வாசிச்சுப்போட்டுத்தான் சைன் வைச்சவர். உனக்கு அதுதான் விருப்பமாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்கு அப்போது பதினைந்து வயது. பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு வாங்கில் இருந்தவர்களின் அப்பாமார் டொக்டரும் எக்கவுண்டன்டுமாக இருந்தார்கள். ஃபோர்மைத் திருப்பித் தரும்போது அப்பா என்ன சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது. "பிள்ளையின்ர எழுத்து வடிவாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் என் யூனிஃபோர்மை அவர்தான் அயன் பண்ணித் தந்தார்.

பெரியப்பாவை எந்த வாயால் திட்டினேனோ அந்த வாய் கசந்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை. என் பங்கையும் சேர்த்துக்கொண்டு கூடியது.

"என்ன மகள் செய்வம்?" என்றார் கிளறன்ஸ் அங்கிள். "இண்டைக்குப் பின்னேரம் அச்சுக்குப் போகோணும்."

"வர்த்தகரை எடுங்கோ அங்கிள். சேல்ஸ்மன் எண்டே போடுங்கோ. அவர் தன்னை அப்பிடித்தான் சொல்லுறவர்."

இரண்டு விரலால் தட்டித் தட்டி மாற்றினார். பிறகு தயங்கினார். "முன்பக்கப் படத்தையும் ஒருக்காப் பாருங்கோ. கோட்டும் டையும் போட்டுவிடச் சொல்லி உங்கட பெரியப்பா சொன்னவர். நானும் போட்டுட்டன்."

திரையில் கறுப்புக் கோட்டுக்குள் அப்பா யாரோ வங்கி மனேஜரைப் போல விறைத்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அவருடையதல்ல.

"கழட்டுங்கோ."

கைத்தொலைபேசி மேசையில் அதிரத் தொடங்கியது. பெரியப்பாவின் பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. கிளறன்ஸ் அங்கிள் ஒரு பொத்தானை அழுத்தினார். முதலில் டை போனது. பிறகு கோட் போனது. உள்ளே கையை முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சேர்ட், கழுத்தில் மாலையாகத் தொங்கும் அளவு நாடா, கடை வாசலில் ஏறுகிற யாரையோ கண்டு வாங்கோ என்று சொல்ல அப்போதுதான் திறந்த வாய்.