எண்ணெய்க் கண்ணாடியில் ஒரு பொட்டு

1.

இந்தக் கதை பிறந்த இடம் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் புளோக்கின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். காரணம் என் மறதி. மகள் மோகனப்பிரியா இன்று காலை தன் ஒற்றை சிலிண்டர் வண்டியில் தனியாகத் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் கிளம்புகிறாள். நேற்று மாலை நான் அதற்கு எஞ்சின் எண்ணெய் மாற்றினேன்.

(மாற்றினேன் என்பது சந்தேகத்துக்குரிய வினை. வாசித்துக்கொண்டே வாருங்கள்.)

2.

நேற்று என்னையே 'அவன்' ஆக்கி எழுதிய தொடக்கம்: "செயினைத் துடைத்தான். காற்று வடிகட்டியைத் தட்டினான். அக்கரை ஜொகூர் மண்ணில் பாதி கொட்டியது. பழைய எண்ணெயை வடித்தான். அடியிலுள்ள திருகை முறுக்கிவிட்டு, புது எண்ணெயை எடுத்து..."

அங்கே ஒரு நல்ல வாக்கியம் தோன்ற, எழுத மேலே ஓடினேன். பிறகு இறங்கி வந்து ஊற்றினேனா, ஊற்றியதாக வைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேனா? இன்று காலை திருத்த உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: வாக்கியத்துக்கு முடிவே இல்லை.

எண்ணெய்ப் புட்டியை என் மனைவி மங்களம் பெருக்கி எறிந்திருந்தாள். காலியா, கனமா என்று கேட்டேன்.

"குப்பைக்கு என்ன கனம் பாக்கிறது?"

3.

எஞ்சினின் பக்கவாட்டில், எண்ணெய் அளவு பார்க்க ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. நான் எழும் முன்பே வண்டிக்குப் பூசை போட்ட மங்களத்துக்கு, சந்தனமும் குங்குமமும் வைக்க அதைவிட அம்சமான நெற்றி கிடைக்கவில்லை.

"இவ திரும்பி வர்றவரைக்கும் பொட்டு இருக்கணும். யாராச்சும் அழிச்சீங்க, பயணம் கேன்சல்."

மங்களத்தை இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பிரியாவுக்கு ஒரு வருடம் பிடித்தது.

(மேல்மூடியைத் திறந்து பார்க்கலாமே என்கிறீர்கள். டார்ச் அடித்தேன். உள்ளே ஏதோ பளபளத்தது. எண்ணெயும் பளபளக்கும், வறண்ட இரும்பும் பளபளக்கும். எதற்கும் இன்னொரு புட்டி ஊற்றலாமா? கூடினாலும் கேடு. எச்சரிக்கை விளக்கு? அதெல்லாம் இல்லாத எளிமைக்காகத்தான் அவள் இந்த வண்டியை வாங்கினாள்.)

4.

நான் ஒருமுறை எஞ்சினில் தேங்காய் எண்ணெய் ஊற்றி மலேசியாவின் ஈப்போ வரை ஓட்டியிருக்கிறேன். புகைக்குழாயில் பணியார வாசனை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் தட்டோடு இறங்கினார்கள். (ஈப்போ பொய். அதற்கு முந்தின ஊர் தாப்பா வரைதான்.)

முடிவு அ: பொட்டைத் துடைக்கிறேன். எண்ணெய் கண்ணாடியின் அளவுக்கோட்டுக்கு நேராகத் தங்கநிறத்தில் நிற்கிறது. மங்களம் சாவியைப் பிடுங்குகிறாள். மகள் என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள்.

முடிவு ஆ: துடைக்கவில்லை. நெடுஞ்சாலையில் எண்ணெயில்லாமல் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, பின்னால் வந்த லாரி

இந்த வாக்கியத்தை நான் எழுதமாட்டேன்.

5.

லிஃப்ட் திறந்தது. ஹெல்மெட்டோடு பிரியா. பின்னால் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு மங்களம்.

"ஏன்பா வண்டிக்கிட்ட குந்திக்கிட்டு இருக்கீங்க?"

"வழியனுப்ப."

"கையில என்ன துணி?" என்றாள் மங்களம்.

"கண்ணைத் துடைக்க."

"கண்ணு மேல இருக்கு லா. துணி கீழ போகுது."

பிரியா ஏறி உட்கார்ந்தாள். கட்டைவிரல் ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனது.

"எண்ணெய் பாத்தாச்சுல்லப்பா?"

நான் சொல்லவேண்டியதற்கு இடம் விட்டிருக்கிறேன்: "................"

நீங்கள் நிரப்புங்கள். அழகான வாக்கியம் வேண்டாம். அதைத் தேடி ஓடியதால்தான் இங்கே குந்தியிருக்கிறேன். ஆனால் சீக்கிரம். அந்தக் கட்டைவிரலுக்கும், பாதியில் எழுந்து ஓடும் என் பொறுமைதான் வாய்த்திருக்கிறது.